பூசைத் தட்டில் வைத்த பூட்டுகள்

கோல சிலாங்கூர் பட்டணத்தைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்குள் வளைந்து போகும் சாலையில் ஓர் எண்ணெய் ஆலை இருக்கிறது. அங்கே எடைமேடைக் கிராணி மோகனா. பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போட்டு, கணக்கெழுதி உள்ளே அனுப்புவது அவள் வேலை. ஐம்பதை நெருங்கும் வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். எடைமேடையில் அவள் சிரித்தால் கொதிகலன் பக்கம் நிற்பவனுக்குக் கேட்கும் என்பார்கள். ஆலை இரைச்சலில் அது கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை.

பிறந்தது பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பி பாலனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள்தான். தோட்டம் கைமாறி, லயங்கள் இடிபட்டு, எல்லாரும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் பெயர்ந்தபோது அக்காவும் தம்பியும் அடுத்தடுத்த வீடாகப் பார்த்து வாங்கினார்கள். நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து குழம்பு வரும். மோகனாவின் கணவர் சுகுமாரன் ராவாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் தன் பேச்சு எடுபடாது என்பதைக் கல்யாணமான புதிதிலேயே புரிந்துகொண்டு நிம்மதியாக இருந்தார்.

பாலனுக்குப் பெண் பார்த்ததும் மோகனாதான். சுங்கை பெசார்வரை போய் நித்தியாவைப் பார்த்துவிட்டு வந்து, "இவ போதும்டா ஒனக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தால் ஊர் சண்டைக்குக் காத்திருக்கும். ஊர் ஏமாந்து போனது. நித்தியா பேச்சில் சிக்கனக்காரி. அவளுக்கும் சேர்த்து மோகனா பேசிவிடுவாள். அவர்கள் ஒத்துப்போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பாலனை ஆலையில் சேர்த்துவிட்டவளும் மோகனாவேதான். இதைப் பின்னால் எத்தனையோ முறை அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆலையில் பாலனுக்கு டிரம்மில் வேலை. ஆவியில் வெந்த குலைகள் ஒரு பெரிய இரும்புக் கூண்டுக்குள் போய் விழும். கூண்டு சுற்றும். பழம் உதிர்ந்து கம்பி இடுக்கு வழியாகக் கீழே போகும், வெறுந்தண்டு மறுபக்கம் வெளியே வரும். அந்தக் கூண்டைத்தான் டிரம் என்றார்கள். உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவு பெரிசு. தண்டு சிக்கிக்கொண்டால் மெசினை நிறுத்திவிட்டு யாராவது உள்ளே இறங்கி இழுத்துப் போட வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் பாலன்தான். ஒல்லியான உடம்பு, பயம் கிடையாது, சொன்னால் மறுக்கத் தெரியாது. இந்த மூன்றும் சேர்ந்த ஆளை எந்த முதலாளிக்குத்தான் பிடிக்காது?

அந்த நாளில் பாதுகாப்பு என்றால் தொண்டைதான். மெசினை ஓட்டப் போகிறவன் பக்கத்தில் கிடக்கும் இரும்புத் துண்டால் டிரம்மை ஓங்கித் தட்டி, "உள்ள ஆளு இருக்கா?" என்று கத்துவான். பதில் வராவிட்டால் மறுபடியும் கத்துவான். குனிந்து எட்டிப் பார்ப்பான். அப்புறம்தான் பொத்தானை அமுக்குவான். இப்படியே பல வருடம் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஒன்றும் ஆகாது என்று எல்லாரும் நம்பினார்கள், மோகனாவைத் தவிர.

இந்த ஆலைக்குத்தான் அந்தக் கூட்டுத் திட்டம் வந்தது. வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசாங்க இலாகாவும் ஆலை நிர்வாகமும் கைகோத்துக்கொள்ளும் ஏற்பாடு. சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை, விருப்பம் இருந்தால் சேரலாம். சேர்ந்துவிட்டால் அதிகாரி அபராதச் சீட்டை நீட்டிக்கொண்டு வரமாட்டார். தொழிலாளர்களோடு உட்கார்ந்து ஆபத்து எங்கே என்று கேட்பார், எப்படிச் சரிசெய்யலாம் என்று சொல்லித் தருவார். நிர்வாகம் எதையும் ஒளிக்காமல் காட்ட வேண்டும், ஒப்புக்கொண்டதைச் செய்ய வேண்டும். மேனேஜர் கணேஸ்வரன் கையெழுத்துப் போட்டார். வாசலில் ஒரு பச்சைப் பலகை ஏறியது.

அரசாங்கமும் முதலாளியும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தால் தொழிலாளிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். குழுவுக்குத் தொழிலாளர் பிரதிநிதி வேண்டும் என்றபோது எல்லாரும் அவரவர் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மோகனா கை தூக்கினாள். கூட்டத்தில் கறிபாப் பலகாரம் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் தூக்கினேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அதை யாரும் நம்பியதில்லை.

முதல் கூட்டத்துக்கு இலாகாவிலிருந்து புவான் நோராய்னி என்ற அம்மாள் வந்தார். மலாயில் புவான் என்றால் அம்மா. பெரிய கண்ணாடி, மெல்லிய குரல். மலாயில் ஒரே கேள்விதான் கேட்டார். "இந்த ஆலையில் உங்களுக்குப் பயமாக இருக்கிற இடம் எது?"

எல்லாரும் மேனேஜர் முகத்தைப் பார்த்தார்கள். மேனேஜர் கறிபாப்பைப் பார்த்தார்.

"டிரம்தான் புவான்," என்றாள் மோகனா. "என் தம்பி தினமும் அதுக்குள் இறங்குகிறான். அவன் வெளியே வந்துவிட்டான் என்று தெரிகிறவரை எனக்குத் தராசு எண்ணே கண்ணில் படுவதில்லை."

கணேஸ்வரனுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. இத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்குள் பூட்டுகள் வந்து சேர்ந்தன.

சிவப்புப் பூட்டுகள். மெசினுக்குள் இறங்கும் வேலை யாருக்கெல்லாம் உண்டோ அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று, மேலே அவரவர் பெயர். உள்ளே போகிறவன் முதலில் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் வெளியே வந்து தன் கையால் திறக்கிறவரை மந்திரியே வந்து நின்றாலும் மெசின் ஓடாது. வேலையில்லாதபோது பூட்டுகள் சுவிட்சுக்குப் பக்கத்துப் பலகையில் வரிசையாகத் தொங்கும்.

"அக்கா, என் பேரு போட்டு பூட்டு குடுத்துருக்காங்க லா," என்று பாலன் அன்று மாலை வீட்டுக்கு வந்து சிரித்தான். "வீட்டுக் கிரான்ட் பத்திரத்துலகூட பேங்க் பேருதான் மொதல்ல இருக்கு."

ஒருநாள் தண்டு சிக்கி டிரம் நின்றுவிட்டது. பாலன் உள்ளே இருந்தான். குலை லோரிகளின் வரிசை சாலைவரை நீண்டு, ஓட்டுநர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். கணேஸ்வரன் அரக்கப்பரக்க வந்தார். சுவிட்சில் பூட்டைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாலன் நிதானமாக வெளியே வந்து, முகத்தைத் துடைத்து, சாவியை எடுத்துத் திறந்த பிறகுதான் மெசின் ஓடியது. ஒரு மேனேஜர் தன் தம்பியின் பூட்டுக்கு முன்னால் காத்து நின்றதை மோகனா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மீன் வாங்கும்போதும் சொன்னாள். அந்த நாளிலிருந்து அவளுக்குத் தராசு எண் ஒழுங்காகக் கண்ணில் பட்டது.

இப்போது யாரும் டிரம்மைத் தட்டுவதில்லை, கத்துவதில்லை. சுவிட்சில் பூட்டு இருந்தால் உள்ளே ஆள் உண்டு, பூட்டு இல்லாவிட்டால் ஆள் இல்லை. அப்புறம் எதற்குத் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும்? கிடந்த இரும்புத் துண்டை யாரோ கதவுக்கு முட்டுக்கொடுக்க எடுத்துப் போய்விட்டார்கள்.

ஆயுத பூசை அந்த ஆலையில் தோட்டக் காலத்திலிருந்து நடந்து வருவது. அன்றைக்கு மெசின்கள் நிற்கும். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்பானர், சுத்தியல், குலை வெட்டும் அரிவாள் எல்லாவற்றையும் அம்மன் படத்துக்கு முன்னால் அடுக்கிப் படைப்பார்கள். தீபாராதனை முடிந்ததும் ஒவ்வொரு மெசினுக்கும் எலுமிச்சம்பழம் சுற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவது வழக்கம். ஓடி நின்றால்தான் பூசை நிறைவு. மலாய்க்காரர்களும் வங்காளதேசத்துக்காரர்களும்கூடச் சுண்டலுக்காகச் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

அந்த வருடம் மோகனாவுக்கு ஒரு யோசனை வந்தது. "ஸ்பானரும் சுத்தியலும் ஆயுதம்னா, உசுரக் காப்பாத்துற பூட்டு ஆயுதம் இல்லியா? அதுங்களுக்கும் பொட்டு வைக்கணும்."

அட, ஆமாம் என்றார்கள் எல்லாரும். இதில் தவறு சொல்ல என்ன இருக்கிறது? மெசின்கள்தான் நின்றிருக்கின்றனவே. மோகனா பலகையிலிருந்து பூட்டுகளைக் கழற்றினாள். குழாயடியில் உட்கார்ந்து பிசுக்குப் போகக் கழுவி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து, பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் வட்டமாக அடுக்கினாள். நடுவில் ஒரு செம்பருத்தி. கணேஸ்வரன் அதைப் படம் எடுத்துத் திட்டத்தின் வாட்சப் குழுவில் போட்டார். மற்ற ஆலைக்காரர்களெல்லாம் கைகூப்பிப் பதில் அனுப்பினார்கள்.

பூசாரி வந்து மணியை எடுக்கும் நேரத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாலன் அவள் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, என் பூட்ட எடுத்துக்கவா?"

"எதுக்குடா?"

"டிரம்முக்குள்ள ஒரு தண்டு சொருகிக்கிட்டு கெடக்கு, நாறுது லா. கழுவுனப்ப பாக்கல. சாமிக்கு முன்னால நாத்தத்தோடயா ஓட்டுறது?"

"சாமிக்கு வச்சத பாதியில எடுக்காத. தீவாரதன முடியட்டும், அப்பறம் எடுத்துக்க."

பாலன் தலையாட்டினான். மோகனா அந்தத் தலையாட்டலை, சரி, காத்திருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு கற்பூரத்தைத் தேடப் போனாள். பாலன் என்ன நினைத்தான் என்பதை இனிமேல் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. தீபாராதனை முடியாமல் மெசின் ஓடாது, அதற்குள் இழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் அந்தக் கணக்குச் சரியாகவே இருந்திருக்கும். வழக்கமாகப் பூசாரி எல்லாச் சாமியையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் சுண்டல் ஆறிப்போகும்.

அன்றைக்கு வானம் கறுத்துவிட்டது. பூசாரிக்கு இன்னொரு பட்டறையில் பூசை இருந்தது. மந்திரத்தை விழுங்கி விழுங்கிச் சொல்லி, கற்பூரத்தைக் காட்டி முடித்துவிட்டார். உறுமி மேளக்காரர்கள் கொட்டகை அதிர அடித்தார்கள். எலுமிச்சம்பழத்தைச் சுற்றி வைத்ததும் கணேஸ்வரன் கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"இந்த வருசம் டிரம்ம மோகனா ஓட்டட்டும். பூட்டு வந்ததே அவங்களாலதான்!"

எல்லாரும் ஓ என்று கத்தினார்கள். மோகனாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றாள். பழகிய கண் முதலில் பூட்டைத்தான் தேடியது. பூட்டு இல்லை. சந்தனப் பொட்டோடு சுவிட்சு பளிச்சென்று இருந்தது. அம்மனை நினைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள்.

டிரம் சுற்றத் தொடங்கியதும் கைதட்டல் எழுந்தது. மோகனாவும் சிரித்துக்கொண்டே தட்டினாள். பிறகு டிரம்மின் சத்தம் மாறியது. இத்தனை வருடம் அந்த ஆலையில் இருந்தவளுக்கு அந்த மாற்றம் மற்றவர்களுக்கு முன்பே கேட்டது. "பாலன் எங்க?" என்று திரும்பிக் கேட்டாள். யாரோ ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடித்தார்கள். உறுமிக்காரர்கள் மட்டும் ஒன்றும் தெரியாமல் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

பாலன் உயிரோடு வெளியே வரவில்லை. அதற்கு மேல் அதைச் சொல்ல மனமில்லை.

மோகனா எதையும் மறைக்கவில்லை. அங்கேயே, ஈரத் தரையில் உட்கார்ந்து, வந்தவரிடமெல்லாம் சொன்னாள். "கேட்டான். பூட்டக் குடுன்னு கேட்டான். நாந்தான் குடுக்கல. நாந்தான் அமுக்குனேன்." போலீஸிடம் சொன்னாள். மழையில் நனைந்துகொண்டே வந்த புவான் நோராய்னியிடம் சொன்னாள். ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில், முகம் வெளுத்து ஓடிவந்த நித்தியாவிடமும் அதே வார்த்தைகளில் சொன்னாள்.

நித்தியா அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே உள்ளே போனாள்.

என்னதான் விருப்பத் திட்டமாக இருந்தாலும் ஓர் உயிர் போனால் சட்டம் வந்து நிற்கும். ஆலையை மூடி விசாரித்தார்கள். எல்லாம் முடிந்து புவான் நோராய்னி குழுவைக் கூட்டினார். அவருடைய குரல் உடைந்திருந்தது. யார் செய்தது என்று தேடுவது இந்தத் திட்டத்தின் வழியல்ல, எது தவறிப்போனது என்றுதான் தேட வேண்டும் என்றார். பூசை நாளுக்கென்று ஒரு முறை வகுக்கப்படவில்லை. பூட்டு வந்தபின் குரல் கொடுப்பதும் எட்டிப் பார்ப்பதும் கைவிடப்பட்டது. அதைக் கவனிக்காமல் விட்டதில் தனக்கும் பங்கு உண்டு என்றார். பிறகு மோகனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "காக்காக், இது உங்கள் குற்றம் இல்லை," என்றார். மலாயில் காக்காக் என்றால் அக்கா. பாலன் கூப்பிட்ட முறையில் இன்னொருவர் கூப்பிட்டதும் மோகனா கையை விடுவித்துக்கொண்டாள்.

கணேஸ்வரனும் அதையே சொன்னார். இரவெல்லாம் தூக்கமில்லாமல் கண் வீங்கிப்போயிருந்த மனிதர். மோகனாவை அமுக்கச் சொன்னது தான்தானே என்று அவரும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். சுகுமாரன் சொன்னார். கோயிலுக்குப் போனால் பூசாரி விதி என்றார். லோரி ஓட்டுநர்கள்கூட இப்போதெல்லாம் எடைமேடையில் ஏறும்போது தாமாகவே எஞ்சினை அணைத்து, குரலைத் தாழ்த்தி, "சாப்ட்டிங்களா கிராணியம்மா?" என்று கேட்டார்கள். ஊரே கூடி அவளை மன்னித்துவிட்டது. மன்னிக்கவோ ஏசவோ உரிமை உள்ள ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கருணையில் மோகனாவுக்கு மூச்சு முட்டியது. யாராவது ஒருவர், "ஒந் தம்பியக் கொன்னுட்டியேடி" என்று தலைமயிரைப் பிடித்து ஆட்டினால் தேவலை என்றிருந்தது. கருமாதி வரைக்கும் நித்தியா பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும், குழாய்த் தண்ணீர் கேட்கும், அழுகை மட்டும் கேட்காது. மோகனா எத்தனையோ தடவை சுவரைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டு அப்படியே இறக்கிக்கொண்டாள். கருமாதி முடிந்து, மெட்ரிகுலேஷன் கல்லூரியில் படிக்கும் மகள் விஷாலினியை விடுதிக்கு அனுப்பிவிட்டு, நித்தியா வீட்டைப் பூட்டிக்கொண்டு சுங்கை பெசாரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சொல்லிக்கொண்டு போகவில்லை. மோகனா போன் செய்தால் மணி அடித்து ஓயும்.

மாதங்கள் போயின. கூட்டுத் திட்டத்திலிருந்து ஆலை விலகிக்கொள்ளும் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். விருப்பத்தில் சேர்ந்தது, விருப்பம்போல் விலகலாம். கணேஸ்வரன் விலகவில்லை. பூட்டும் இருக்கும், குரலும் இருக்கும், எட்டிப் பார்ப்பதும் இருக்கும் என்றார். அந்தப் பச்சைப் பலகையைக் கழற்ற வேண்டாம் என்று மோகனாவும் கை தூக்கினாள். இந்தத் தடவை கறிபாப்பை யாரும் தொடவில்லை.

ஒருநாள் புவான் நோராய்னி எடைமேடைக்கு வந்தார். சுங்கை பெசார் பக்கம் ஓர் ஆலை புதிதாகத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது, அங்கே உள்ளவர்களுக்கு நடந்ததைச் சொல்ல முடியுமா, முடியாது என்றால் தப்பே இல்லை என்றார். மோகனா ஊர்ப் பெயரைக் கேட்டதும் சரி என்றாள். அந்த அம்மாள் அதை மனதைரியம் என்று நினைத்துக்கொண்டார். மோகனாவுக்கு அந்த ஊருக்குப் போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அங்கே ஒரு கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மோகனா பாதி மலாயிலும் பாதி தமிழிலும் சொன்னாள். பூட்டைக் கழுவியது, பொட்டு வைத்தது, தம்பி கேட்டது, தான் மறுத்தது, அமுக்கியது. எதையும் விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஆண்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு வயதான தமிழர் எழுந்து, "அப்ப பூசையே போடக் கூடாதுங்கிறீங்களா?" என்று கேட்டார்.

"போடுங்க. பூட்டு மட்டும் அதோட எடத்துல தொங்கட்டும். சாமி நடந்து வந்து பாத்துக்கும்."

கைதட்டினார்கள். அந்தச் சத்தம் அவளுக்கு அன்றைக்கு டிரம்முக்கு முன்னால் எழுந்த கைதட்டலாகக் கேட்டது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிறகு ஆலையின் பெயர் அச்சடித்த ஒரு பீங்கான் குவளையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். தம்பி செத்த கதையைச் சொன்னதற்குக் குவளை! கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். மோகனா வாங்கி, நன்றி சொல்லி, வந்த வேனின் இருக்கையிலேயே அதை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நடந்தாள்.

நித்தியாவின் அம்மா வீடு வயலோரத்தில் இருந்தது. அறுவடை மெசின்கள் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா கிளினிக்குக்குப் போயிருந்தார். நித்தியா மட்டும் அடுப்படியில் இருந்தாள். கம்பிக் கதவுக்கு வெளியே மோகனாவைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள்.

"வாங்க அண்ணி."

மோகனா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரில் பாலன் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். வேனில் வரும்போது யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது.

"நித்தியா, எல்லாரும் என் மேல தப்பில்ல, தப்பில்லன்னு சொல்றாங்க. என்னால தாங்க முடியலம்மா. நீ ஒரு வார்த்த ஏசிரு. காறித் துப்பு. எப்பிடியாச்சும் ஏசிரு."

நித்தியா எதிரில் உட்கார்ந்தாள். வெளியே மெசின் சத்தம் நெருங்கி வந்து, திரும்பிப் போயிற்று.

"அவரு கேட்டாரா அண்ணி? நெசமாவே உங்ககிட்ட வந்து கேட்டாரா?"

"கேட்டான்."

"கேக்காம எடுத்திருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

மோகனா சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. தாம்பாளத்துலேருந்து அவரு பாட்டுக்குப் பூட்ட எடுத்துட்டுப் போயிருந்தா?"

"ஏசியிருப்பேன்."

"அவ்ளோதானே," என்றாள் நித்தியா. "ஏச்சு வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பாரு. அக்கா ஏசிட்டாங்க லான்னு எங்கிட்ட சொல்லிச் சிரிச்சிருப்பாரு."

மோகனா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, ஆலையின் ஈரத் தரையில் அன்றைக்கு வராத அழுகையை அழுதாள். அந்தப் பெரிய குரல் வீட்டுக்கு வெளியே, வயல்வரைக்கும் போனது. நித்தியா அவளைத் தொடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. அழுது முடியும்வரை காத்திருந்தாள்.

"ஏசு நித்தியா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"மாட்டேன் அண்ணி." குரலில் கோபம்கூட இல்லை. "ஏசுனா உங்களுக்குப் பாரம் எறங்கிரும். எனக்கு எங்க எறங்கும்? உங்கள ஏசிட்டா அப்பறம் நான் யார வச்சி அவரப் பத்திப் பேசுறது? அவரச் சின்னப் புள்ளையில பாத்தது உலகத்துல நீங்க ஒருத்திதான்."

நித்தியா இவ்வளவு நீளமாகப் பேசி மோகனா கேட்டதே இல்லை. பேசி முடித்ததும் அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது.

"கருவாட்டுக் கொழம்பு. சாப்ட்டுப் போங்க."

பாலனுக்குப் பிடித்த குழம்பு அது. மோகனா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதல் வாயைத் தண்ணீர் குடித்து இறக்கினாள். நித்தியா பக்கத்தில் நின்றுகொண்டு, தட்டில் சோறு குறையக் குறையப் போட்டுக்கொண்டே இருந்தாள். போதும் என்று சொல்ல மோகனாவுக்குத் துணிவு வரவில்லை. போட்டதையெல்லாம் சாப்பிட்டாள். வேன்காரர் தேடிக்கொண்டு வந்து வாசலில் ஹார்ன் அடித்தபோது நித்தியா அவளுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள், கதவைத் திறந்துவிட்டாள், பார்த்துப் போங்கள் என்றாள். கடைசிவரை ஒரு வார்த்தை ஏசவில்லை.